கெனற் நதியில் ஒரு குளிர்காலம்

எமது பாட்டியார் வீட்டு அடுக்களையில் நெடுங்காலமாக ஒரு தகரப் பேணி இருந்தது. அதனுள் வந்த விசுக்கோத்தை உண்டவர் யாரென்பது எவருக்கும் நினைவில்லை. நாம் அறிந்த நாள் முதலாக அது மல்லி வைக்கும் பேணி. அதன் மூடியில் 'ஹன்ட்லி அன்ட் பாமர்ஸ், றெடிங்' என்று ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. இத்தகைய பேணிகள் நம் நாட்டில் வேறு பல வீடுகளிலும் இருந்திருக்கும். 1822ஆம் ஆண்டில் சிறியதொரு கடையாகத் தொடங்கிய அந்த நிறுவனம், றெடிங் நகரிலே கெனற் நதியின் கரையில் பெரியதொரு தொழிற்சாலையாக வளர்ந்து, கடல் கடந்த நாடுகளுக்கெல்லாம் விசுக்கோத்து அனுப்பியது. 1970களில் அங்கே உற்பத்தி நின்றுபோயிற்று. அக்கட்டடங்களிற் பெரும்பாலானவை இன்று இல்லை.

மேற்படிப்பின் பொருட்டு அந்நகரில் ஒன்றரை ஆண்டு தங்கும் வாய்ப்புச் சில ஆண்டுகளுக்கு முன் எமக்குக் கிட்டியது. அக்காலத்தில் கெனற் நதியை நாம் கரையில் நின்று மட்டும் பார்க்கவில்லை. அதன் நீரிலும் இருந்து பார்த்தோம். ஒரு குளிர்காலம் முழுவதும், ஓடத்துக்குப் புதியவரான நண்பர் ஒருவரோடு அங்கே பெற்ற அனுபவத்தை வாசகர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நதியும் வாய்க்காலும்

இலண்டனுக்கு மேற்கே ஏறக்குறைய 40 மைல் தொலைவில் உள்ளது றெடிங். வில்ற்ஷயர்ப் பகுதியின் சுண்ணக்கல் மேட்டுநிலத்தில் ஊற்றெடுக்கும் கெனற், இந்நகரின் நடுவே புகுந்து, அதன் கிழக்கு ஓரத்தில் தேம்ஸ் நதியோடு கலக்கிறது. முதலாம் ஹென்றி மன்னன் 1121இல் நிறுவிய பெரிய துறவிமடத்தின் இடிந்த சுவர்கள் நதிக்கு அண்மையில் நிற்கின்றன. அவற்றை அடுத்து, எழுத்தாளர் ஒஸ்கார் வைல்ட் 1895 முதல் 1897 வரை அடைபட்டிருந்த சிறைச்சாலை உள்ளது. 2013இல் அச்சிறை மூடப்பட்டது. மன்னனின் மடம், கைதியின் சிறை, விசுக்கோத்துத் தொழிற்சாலை இருந்த இடம் ஆகிய மூன்றையும் ஓடத்தில் இருந்தவாறே சில நிமிடங்களில் கடந்துவிடலாம்.

கெனற் நதியைப் படகோடத்தக்கதாக்கி, மேற்கே பாத் நகரின் ஏவன் நதியோடு அதனை இணைப்பதற்கு வெட்டப்பட்டதே கெனற்–ஏவன் வாய்க்கால். ஜோன் றெனி என்னும் பொறியியலாளரின் திட்டத்தின்படி 1810இல் அது நிறைவெய்தியது. பின்னர் புகையிரதம் வந்தது. சரக்கெல்லாம் இரும்புப் பாதைக்கு மாறிற்று. வாய்க்கால் தூர்ந்து பாழடைந்தது. ஊர்மக்கள் பல்லாண்டு முயன்று அதனைத் திருத்தியதன் பயனாக, 1990இல் இரண்டாம் எலிசபெத் அரசியார் அதனை மீண்டும் திறந்துவைத்தார்.

மேடு பள்ளமான நிலத்தில் படகு ஏறி இறங்குவதற்காக இவ்வாய்க்காலில் 'லொக்' எனப்படும் நீர்ப்பூட்டுகள் பலவற்றை அமைத்திருக்கிறார்கள். இரு பெருங்கதவுகளுக்கு இடையே நீரை நிரப்பியும் வடித்தும் படகை உயர்த்துவர் அல்லது தாழ்த்துவர். டிவைசஸ் என்னும் ஊரில் மாத்திரம் 29 நீர்ப்பூட்டுகள் படிக்கட்டுப் போல அடுத்தடுத்து உள்ளன. பெரிய படகுகள் கதவு திறக்கும்வரை காத்து நிற்கும். சிறிய ஓடத்தில் வருபவர் கரையேறி, ஓடத்தைத் தோளில் சுமந்து, கதவுகளைக் கடந்து, மறுபக்கத்தில் மீண்டும் நீரில் இறங்குவார். இந்தச் சுமத்தலைப் பற்றிப் பின்னரும் கூற நேரும்.

பெரும் பந்தயம்

நாம் ஓட்டிய ஓடத்துக்குக் கயாக் என்று பெயர். வடதுருவத்தை அண்டிய கிறீன்லாந்து முதலிய நாடுகளில் வாழும் இனுவிற் மக்கள் கடல்நாய்த் தோலால் செய்து வேட்டைக்குப் பயன்படுத்திய ஓடமே இதன் மூலம். ஜோன் மக்கிறெகர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1860களில் இவ்வகை ஓடமொன்றில் ஐரோப்பிய நதிகளைச் சுற்றிவந்து நூல் எழுதியதோடு, 1866இல் இங்கிலாந்தில் ஓடக்காரர் கழகம் ஒன்றையும் நிறுவினார். அன்று முதல் இது அந்நாட்டில் ஒரு விளையாட்டாயிற்று.

கெனற் கரையில் ஓடம் பழகுவோர் யாவரும் அறிந்த பந்தயம் ஒன்று உண்டு. டிவைசஸில் தொடங்கி இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர்ப் பாலத்தடியில் முடியும் அதன் தூரம் 125 மைல். ஏறக்குறைய 54 மைல் வாய்க்காலிலும், அதேயளவு தூரம் தேம்ஸிலும், கடைசி 17 மைல் கடலின் வற்றுப்பெருக்கு எட்டும் பகுதியிலும் ஓட வேண்டும். ஓடத்தைத் தூக்கிச் சுமக்க வேண்டிய இடங்கள் 77. 1948ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு விடுமுறையில், டிவைசஸ் ஊர்ச் சாரணர் நால்வர் 100 மணி நேரத்துக்குள் இத்தூரத்தைக் கடக்கலாமா என்ற சவாலை ஏற்று, 89 மணி 50 நிமிடத்தில் கடந்து காட்டினர். அதிலிருந்தே பந்தயம் பிறந்தது. 1979இல் பிறையன் கிறீன்ஹாம், ரிம் கோர்னிஷ் என்னும் இருவர் 15 மணி 34 நிமிடத்தில் இதனை முடித்தனர். பெருந்தொற்றுப் பரவிய 2020ஆம் ஆண்டில் பந்தயம் நடைபெறவில்லை.

வளர்ந்தவர்களுள் இருவராக ஓடுவோர் இரவு பகல் நிறுத்தாமல் செல்வர். பள்ளி மாணவருக்கு நான்கு நாட்களாகப் பகுத்து நடத்துவர். பந்தயம் இளவேனிலில் வருவதால், அதற்கான பயிற்சி முழுவதும் குளிர்காலத்தில் விழுகிறது. நியூபரி என்னும் ஊரில் உள்ள கழகத்தார் ஆண்டின் தொடக்கத்தில் ஒன்றைவிட ஒன்று நீளமான முன்னோடிப் பந்தயங்களை நடத்துகின்றனர். அவற்றுள் கடைசியானது டிவைசஸிலிருந்து நியூபரி வரை 34 மைல்.

நண்பரின் விருப்பம்

எம்முடன் யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில் படித்த நண்பர் ஒருவர் றெடிங்கில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருந்தார். கணக்காளர். காலை முதல் மாலை வரை கதிரையில் அமர்ந்து செய்யும் வேலை. இளமையில் தீவுப்பகுதிக் களப்பிலே கோல் ஊன்றி வள்ளம் தள்ளியவர். இடுப்பளவு நீரும் இளஞ்சூடான அலையும் அவர் அறிந்த தண்ணீர். குளிர்நாட்டு நதியை அவர் பாலத்தின் மேலிருந்து மாத்திரமே பார்த்திருந்தார்.

நாமோ நகரின் ஓடக் கழகமொன்றில் அவ்வாண்டு சித்திரை மாதமே சேர்ந்து, கோடை முழுவதும் ஓரளவு பழகியிருந்தோம். ஐப்பசி மாதத்தில் ஒருநாள் நண்பர் எம்மைத் தேடி வந்தார்.

"ஐசே, உம்முடைய கழகத்தில் என்னையும் சேர்த்துவிடும்" என்றார்.

நாற்பத்தைந்து வயதில், அதுவும் குளிர் தொடங்கும் வேளையில், இது ஏன் என்று கேட்டோம். அவருடைய மகனுக்கு அப்போது பதினாறு வயது. பள்ளித் தோழன் ஒருவனோடு சேர்ந்து, வரும் பந்தயத்தில் மாணவர் பிரிவில் ஓடுவதற்குப் பயின்றுகொண்டிருந்தான்.

"ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளை தண்ணீருக்குப் போகிறான். நான் அவனுடைய மேற்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நிற்கிறேன். 'கவனம் தம்பி' என்று சொல்வேன். 'சரி அப்பா' என்பான். என் சொல் அவன் காதிலே விழுவதில்லை. விழ வேண்டிய காரணமும் இல்லை. எதற்குக் கவனம், எங்கே கவனம் என்று எனக்கே தெரியாதே!"

இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். ஆயினும் அது சிரிப்பதற்குரிய விடயமன்று என்பது எமக்கு விளங்கியது. அந்நிய நாட்டில் பிள்ளை வளர்க்கும் தந்தையர் பலருக்கு இப்படியொரு கரை உண்டு. பிள்ளை எங்கோ முன்னே போய்விடுகிறான். தகப்பனுக்கு மேற்சட்டை காக்கும் வேலை மட்டும் எஞ்சுகிறது.

கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் ஓய்வுபெற்ற தாதி ஒருவர். அறுபது வயதைத் தாண்டியவர். அவர் நண்பரிடம் முதலில் கேட்டது, வைத்தியரிடம் இரத்த அழுத்தம் பார்த்தீரா என்பதே. இரண்டாவதாகக் கேட்டது, உடையோடு நீந்தத் தெரியுமா என்பது. இரண்டுக்கும் விடை வந்த பின்னரே கழகப் பதிவேட்டில் நண்பரின் பெயர் ஏறியது.

தரையிற் பெற்ற பயிற்சி

டிசெம்பர் மாதத்தில் றெடிங்கில் சூரியன் காலை எட்டு மணியளவில் எழுந்து, மாலை நான்கு மணிக்கு முன்னரே மறைந்துவிடும். வேலை நாட்களில் நதியில் இறங்க வெளிச்சமில்லை. ஆகவே, செவ்வாயும் வியாழனும் மாலையில் பயிற்சி தரையிலேயே நடைபெறும். ஒரு மண்டபத்தில் கைகளை ஊன்றி எழுதல், குந்தி எழுதல், கம்பியைப் பற்றி உடலை உயர்த்துதல், வயிற்றுத் தசைக்கான பயிற்சி என ஒவ்வொன்றையும் குறித்த நேரத்துக்குச் செய்து, சற்று ஓய்ந்து, அடுத்ததற்குச் செல்ல வேண்டும். அதன் பின் கரையோரப் பாதையில் ஓட்டம்.

துடுப்பு வலித்தல் கைகளின் வேலை என்றே நம்மவர் எண்ணுவர். நாமும் நண்பரும் அங்கே கற்றது வேறு. பாதம் ஓடத்தின் குறுக்குப் பலகையை உதைக்க வேண்டும். அந்த உதைப்பில் இடுப்புத் திரும்ப வேண்டும். இடுப்போடு முதுகும் தோளும் திரும்பித் துடுப்பை இழுக்க வேண்டும். கை என்பது கயிறு போல. உடலையும் துடுப்பையும் தொடுப்பது மாத்திரமே அதன் பணி. கையால் மட்டும் வலிப்பவர் அரை மணி நேரத்தில் ஓய்ந்துபோவார்.

சனிக்கிழமைகளில் ஓடம் சுமக்கும் பயிற்சி. இருவர் ஓடம் ஆறரை மீற்றர் நீளமும் ஏறத்தாழ 18 கிலோ நிறையும் கொண்டது. நிறையைவிட நீளமே தொல்லை தருவது. முன்னே செல்பவர் திரும்பினால் பின்னே செல்பவர் அகன்ற வட்டத்தில் ஓட வேண்டும். சேற்றில், பனி உறைந்த புல்லில், சறுக்கும் பலகையில் இதைச் செய்யப் பழக வேண்டும். முதல் வாரங்களில் நண்பர் ஒவ்வொரு முறையும் மூச்சிரைக்க நின்று, "சுவாமி தூக்கினாலாவது புண்ணியம் கிடைக்கும்" என்பார்.

குளிர்காலத்தில் வேகத்தைத் தேடுவதில்லை. நெடுநேரம் தாங்கும் உடலை ஆக்குவதே நோக்கம். அதற்குப் பயிற்றுநர் கூறிய அளவுகோல் மிக எளியது: ஓடும்போதும் துடுப்பு வலிக்கும்போதும் அருகில் உள்ளவரோடு பேச முடிய வேண்டும், பேச முடியாவிட்டால் நீங்கள் மிகையாக விரைகிறீர்கள். இந்த விதியால் எமக்கு ஒரு நன்மை விளைந்தது. அந்தக் குளிர்காலத்தில் நண்பரும் நாமும் பேசிய யாழ்ப்பாணக் கதைகளுக்கு அளவில்லை.

முதல் வீழ்ச்சி

ஞாயிறு காலை மட்டுமே நீரிற் பயிற்சி. பிளேக்ஸ் லொக் என்ற நீர்ப்பூட்டுக்கும் தேம்ஸ் சங்கமத்துக்கும் இடையே கெனற் ஒரு மைலளவு அமைதியாகச் செல்கிறது. புதியவர்கள் அங்கேயே பழகுவர். பந்தய ஓடங்கள் மிக ஒடுங்கியவை. பழகாதவர் அமர்ந்த கணத்திலேயே கவிழ்ந்துவிடும். ஆகையால் எமக்கு அகன்ற ஓடமொன்றைத் தந்தார்கள். முன்னே இருப்பவர் காலால் சுக்கானை இயக்கித் திசையையும் தாளத்தையும் வகுப்பார். பின்னே இருப்பவர் அவர் முதுகைப் பார்த்து அதே கணத்தில் துடுப்பை நீரில் இட வேண்டும். நாம் முன்னே; நண்பர் பின்னே.

ஒரே உரலில் இருவர் உலக்கை போடுவதைக் கண்டிருப்பீர்கள். ஒருவர் தாளம் தவறினால் மற்றவர் கை நோகும். இருவர் ஓடமும் அவ்வாறே. முன்னவர் தம் வலிமையைக் காட்ட விரைந்தால் பின்னவர் தடுமாறுவார்; ஓடம் இரு பக்கமும் அசைந்து வேகத்தை இழக்கும். பின்னவரால் எத்தனை நேரம் தாங்க முடியுமோ அந்தத் தாளத்தையே முன்னவர் வகுக்க வேண்டும். வகுப்பறையில் கடைசி வாங்கில் இருக்கும் மாணவனை மறவாமல் பாடம் நடத்துவதும் இதுவும் ஒன்றே என்று அடிக்கடி நினைத்துக்கொண்டோம்.

கார்த்திகை மாதத்தின் இறுதி ஞாயிறு. அன்னமொன்று அருகே சிறகடித்து எழுந்தது. நண்பர் அதனைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த கணம் இருவரும் நீரினுள் இருந்தோம்.

கடுங்குளிர் நீரில் வீழ்பவரை முதலில் தாக்குவது குளிரன்று; மூச்சு. தோல் திடீரெனக் குளிர்ந்ததும் நெஞ்சு தானாக விரிந்து மூச்சை இழுக்கும். நிறுத்த நினைத்தாலும் நிற்காது. அந்த வேளையில் தலை நீருக்குள் இருந்தால் நீரே உள்ளே போகும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் கரைக்கு அண்மையில் மூழ்கிப்போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். கோர்டன் கீஸ்பிறெக்ற் என்னும் கனடிய ஆய்வாளர் இதனை எளிதில் நினைவிற்கொள்ள 1–10–1 என்று வகுத்துள்ளார். மூச்சை அடக்கிக்கொள்ள ஒரு நிமிடம். கைகால்கள் பயன் தரக்கூடிய நிலையில் ஏறக்குறைய பத்து நிமிடம். உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்புவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆகவே வீழ்ந்தவுடன் நீந்தப் பதறக் கூடாது. உயிர்காப்பு அங்கியின் துணையோடு மிதந்து, ஓடத்தைப் பற்றிக்கொண்டு, மூச்சு வசப்படும்வரை பொறுத்து, அதன் பின்பே கரையை நாட வேண்டும்.

இதையெல்லாம் நண்பர் மண்டபத்தில் கேட்டிருந்தார். கேட்டதை நீரில் செய்தும் காட்டினார். கண்கள் அகன்று, வாய் திறந்து, சொல் வராமல் ஓடத்தை இறுகப் பற்றிக்கொண்டிருந்தார். நாம் எண்ணி முப்பது வரை சென்ற பின்பே அவர் மூச்சுச் சீரானது. பின்னர் இருவரும் கால்களை உதைத்து ஓடத்தோடு கரை சேர்ந்தோம். பயிற்றுநர் ஈர உடையைக் களையச் செய்து, உலர்ந்த கம்பளியும் தொப்பியும் அணிவித்து, சீனி மிகுந்த தேநீரைக் கையில் தந்தார். பருத்தித் துணி ஈரத்தைப் பிடித்துவைத்து உடற்சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால் குளிர்கால ஓடக்காரர் அதனை அணிவதில்லை. கையில் இருந்த சிறு கீறலையும் அவர் கழுவி மூடினார். நம் நாட்டு வயல்களில் வரும் எலிக்காய்ச்சல் அந்த நதிகளிலும் உண்டு.

நண்பரின் மகன் ஓடிவந்து தந்தையின் அருகில் நின்றான். அவன் முகம் வெளுத்திருந்தது. அன்று தேநீர்க் கோப்பையை ஏந்தியிருந்தவர் தந்தை. மேற்சட்டையைப் பிடித்திருந்தவன் மகன்.

"முதல் தடவை எனக்கும் மூச்சு வரவில்லை, அப்பா. உங்களுக்குச் சொல்லவில்லை" என்றான்.

நண்பர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கே கொட்டகை வாசலில் நின்றார்.

சிவப்புப் பலகை

தை மாதத்தின் நடுப்பகுதியில் பத்து நாட்கள் மழை பெய்தது. சுண்ணக்கல் நிலம் மழையை மெதுவாக உறிஞ்சி மெதுவாகவே விடுவதால், மழை ஓய்ந்த பின்னரும் கெனற்றில் நீர் உயர்ந்தே நிற்கும். தேம்ஸோ இரு கரையும் தொட்டு ஓடியது. தேம்ஸ் நதியின் நீர்ப்பூட்டுகளில் ஓடக்காரரை எச்சரிக்கப் பலகைகள் தொங்கவிடுவது வழக்கம். மஞ்சட் பலகை, நீரோட்டம் ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்று சொல்லும். சிவப்புப் பலகை, நீரோட்டம் கடுமையாக உள்ளது, நீரில் இறங்க வேண்டாம் என்று சொல்லும். அந்த ஞாயிறு பிளேக்ஸ் லொக்கின் கதவில் சிவப்புப் பலகை தொங்கியது.

பயிற்றுநர் அன்றைய நீர்ப்பயிற்சியை நிறுத்தி, எல்லோரையும் ஓட்டத்துக்கு அனுப்பினார். மாணவர் சிலருக்கு அது பிடிக்கவில்லை. பந்தயத்துக்குப் பன்னிரண்டு வாரங்கூட இல்லை. வேறொரு துறையிலிருந்து இரண்டு வாலிபர்கள் ஓடத்தை இறக்கி எம் கண்முன்னே சங்கமத்தை நோக்கிச் சென்றனர். அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நண்பரின் மகனும் அவன் தோழனும் தம் ஓடத்தின் அருகே நின்றனர்.

"அவர்கள் போகிறார்களே, அப்பா. நாங்கள் கரையோரமாகவே போய் வருவோம்" என்றான் மகன்.

மூன்று மாதங்களுக்கு முன்னர் இக்கேள்விக்கு நண்பரிடம் 'கவனம்' என்ற ஒரே சொல்தான் இருந்தது. இன்று அவர் மகனை நீர் விளிம்புக்கு அழைத்துச் சென்றார். கை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"தம்பி, அந்த வில்லோ மரத்தைப் பார். அதன் கிளைகள் நீருக்குள் நிற்கின்றன. நீர் கிளைகளுக்குள் புகுந்து போகும், ஓடம் போகாது. அதிலே அமத்திப் பிடித்துவிடும். கரையோரம் என்கிறாயே, இன்று கரையோரந்தான் ஆபத்து. கீழே லொக்குக்குப் பக்கத்தில் தண்ணீர் வழிந்து விழும் அணை இருக்கிறது. விழுந்த தண்ணீர் திரும்பச் சுழன்று அணையை நோக்கியே வரும். அதற்குள் போனவன் வெளியே வர மாட்டான். கவிழ்ந்தால் உனக்குப் பத்து நிமிடம். இந்த ஓட்டத்தில் பத்து நிமிடத்தில் நீ எங்கே இருப்பாய் என்று கணக்குப் பார்."

பையன் நீரைப் பார்த்தான். முறிந்த மரக்கொம்பு ஒன்று எம்மைக் கடந்து சென்றது. ஓடுகிற மனிதன் எட்ட முடியாத வேகம். அவன் ஒன்றும் சொல்லாமல் ஓடத்தின் ஒரு முனையைப் பிடித்தான். அவன் தோழன் மறுமுனையைப் பிடித்தான். இருவரும் அதனைக் கொட்டகைக்குள் கொண்டுபோய் வைத்தனர்.

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது நாம் எல்லோரும் பிள்ளைகளுக்குச் சொல்லும் வார்த்தை. பிள்ளைகள் அதனைக் கேட்பதும் உண்டு, கேளாதிருப்பதும் உண்டு. தானும் அந்த ஆழத்தில் ஒரு தடவை மூச்சுத் திணறி எழுந்த தகப்பன் சொல்லும்போது அவ்வார்த்தைக்கு நிறை கூடிவிடுகிறது என்பதை அன்று நேரிற் கண்டோம். இது வீட்டில் மட்டுமன்றிப் பள்ளிக்கூடத்திலும் பொருந்தும். தாம் இருந்து படிக்காத பாடத்தைப் 'படி, படி' என்று சொல்லும் ஆசிரியரை மாணவர் மதிப்பதில்லை.

அந்த வாலிபர்கள் இருவரும் சங்கமத்தைத் தாண்டாமலே கரையேறி, ஓடத்தைச் சுமந்துகொண்டு நடந்து திரும்பினர். அவர்களைப் பார்த்து எவரும் நகைக்கவில்லை. நாமெல்லோரும் சேற்றுப் பாதையில் ஐந்து மைல் ஓடினோம்.

ஹென்லி வரை

மாசி கழிந்து பங்குனி பிறந்ததும் நீர் இறங்கியது. கரையோரத்தில் மஞ்சள் டஃபொடில் மலர்கள் தலைகாட்டின. பலகைகள் யாவும் எடுக்கப்பட்டபின் ஒரு சனிக்கிழமை, கெனற் சங்கமத்திலிருந்து தேம்ஸ் வழியே ஹென்லி நகர் வரை செல்வதென்று தீர்மானித்தோம். ஏறக்குறைய எட்டரை மைல். இடையில் சொனிங், ஷிப்லேக், மார்ஷ் என்னும் மூன்று நீர்ப்பூட்டுகள். நண்பருக்கு இதுவே முதல் நெடும்பயணம். பயிற்றுநரும் வேறிருவரும் தனி ஓடங்களில் உடன் வந்தனர்.

கெனற்றின் ஒடுக்கத்திலிருந்து தேம்ஸின் அகலத்துக்குள் நுழைவது, ஒழுங்கையில் நடந்தவர் திடலுக்குள் வந்தது போன்றது. இடப்பக்கம் தாழ்ந்த புல்வெளிகள், வலப்பக்கம் மரங்கள், சொனிங்கில் செங்கல்லாற் கட்டிய பழைய பாலம். முதல் நீர்ப்பூட்டில் ஓடத்தைத் தூக்கியபோது நண்பரின் கால் சறுக்கவில்லை, மூச்சும் இரைக்கவில்லை. இருட்டு மாலைகளில் மண்டபத்திலும் பனிப்புல்லிலும் பட்ட பாட்டின் பயன் அப்போதுதான் தெரிந்தது. ஷிப்லேக்கைக் கடந்தபோது கீழ்க்காற்று எதிர்த்தது. நாம் தாளத்தைத் தளர்த்தினோம். பின்னாலிருந்து நண்பரின் குரல் கேட்டது:

"ஐசே, நீர் எனக்காக மெல்லப் போக வேண்டாம். நான் இன்னும் பேசிக்கொண்டுதானே இருக்கிறேன்!"

இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாகிற்று. ஹென்லிப் பாலம் கண்ணில் பட்டபோது, ஆண்டுதோறும் கோடையில் உலகெங்குமிருந்து படகோட்டிகள் கூடும் அந்தப் புகழ்பெற்ற நீர்ப்பரப்பில் வாத்துகளைத் தவிர வேறெவரும் இருக்கவில்லை. கரையிலே நண்பரின் மனைவியார் இடியப்பமும் சம்பலும் கொண்டுவந்திருந்தார். மகன் முழங்கால் அளவு நீரில் இறங்கி ஓடத்தின் முனையைப் பிடித்து, தந்தை எழும்வரை அசையாமல் நின்றான்.

பின்னர் வந்த பந்தயத்தில் பையனும் அவன் தோழனும் நான்கு நாட்களும் ஓடி முடித்தனர். முதலிடம் வரவில்லை, நடுவில் எங்கோ வந்தனர். நீர்ப்பூட்டுத்தோறும் அவர்களுக்கு உணவும் தண்ணீரும் தரும் வேலை நண்பருடையது. எந்த இடத்தில் பிள்ளைகளுக்குக் களைப்பு வரும், எந்த இடத்தில் கை விறைக்கும், எப்போது பேச வேண்டும், எப்போது பேசாதிருக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் நாட்டிலும் நீருக்குக் குறைவில்லை. கித்துல்கலையில் களனி கங்கை பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாய்கிறது. அங்கே ஓடமும் மிதவையும் செலுத்த இளைஞர் பலர் செல்கின்றனர். வடக்கிலும் கிழக்கிலும் களப்புகள் உள்ளன. ஆண்டுதோறும் விடுமுறை நாட்களில் நீராடச் சென்று மீளாத பிள்ளைகளைப் பற்றியும் பத்திரிகைகளில் படிக்கிறோம். நமது நீர் குளிர்ந்ததன்று. ஆயினும் வேகமும் சுழியும் அணையும் எங்கும் ஒரே தன்மையன. உயிர்காப்பு அங்கி அணிதல், தனியே செல்லாதிருத்தல், அவ்விடத்து நீரை அறிந்தவரைக் கேட்டல், கேட்டபடி நடத்தல் ஆகிய நான்கும் காசு அதிகம் வேண்டாத காரியங்கள்.

பிள்ளைகளை நீரிலிருந்து முற்றாக விலக்கிவைக்க எந்தப் பெற்றோராலும் முடியாது. ஆகவே பெற்றோரும் ஆசிரியரும் அந்த நீரைச் சிறிதாவது பழகிக்கொள்வது நல்லது. நாற்பத்தைந்து வயதில், கதிரையில் அமர்ந்து பழகிய ஒரு கணக்காளரால் அது முடிந்தது.